திருவிடைவாய்த் திருப்பதிகம்: கற்சுவர் காத்த ஞானசம்பந்தர் தமிழ்

சாமல்பட்டித் திருக்கோயிலின் குடமுழுக்கு மலரில், காவிரி பாயும் சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றனைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. ஓலைச்சுவடிகள் கைவிட்ட தேவாரப் பதிகம் ஒன்றை, அச்சுப் புத்தகங்கள் அறியாதிருந்த பதிகம் ஒன்றை, கோயிற்சுவர் ஒன்று பல நூற்றாண்டுகள் தன் மேனியிலே தாங்கி நின்று 1917-ஆம் ஆண்டில் உலகிற்கு எடுத்துக் கொடுத்தது. சுவரைப் புதுப்பிப்போரும் அதற்குப் பொருள் வழங்குவோரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம். அவர்களே இம்மலரைப் படிக்கப் போகின்றவர்கள் ஆதலின் இங்கே எழுதத் துணிந்தோம்.

தமிழகத்தில் பாடிப் புகழ்பெற்றவர் எத்தனையோ பேர் உளர். ஆயினும் ஊர் ஊராகச் சென்று பாடி, பாடிய ஊர்களுக்கெல்லாம் பெயரும் பெருமையும் தேடித் தந்தவருள் திருஞானசம்பந்தப் பெருமானுக்கு ஒப்பார் மிகச் சிலரே. கி.பி. ஏழாம் நூற்றாண்டிலே சீகாழியில் தோன்றிய அப்பிள்ளையார், மூன்றாம் ஆண்டிலே பாடத் தொடங்கினார் என்பது சேக்கிழார் வாக்கால் நாம் அறிந்தது. அவர் தனித்துப் பாடியவர் அல்லர் என்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணரும், அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் சென்றனர். பிள்ளையார் பாட, பாணர் அப்பாட்டை யாழிலிட்டு வாசிப்பார். அம்மையார் மிடற்றிசையாலும் துணை நிற்பார். இவ்வாறு வாயும் யாழும் கூடிச் சென்ற கூட்டம் அது. இக்காலத்தார் கச்சேரிக்கு முன்னிருக்கை தேடி ஓடுவது போல, அக்காலத்தார் அக்கூட்டத்தை எதிர்கொள்ளத் தோரணம் கட்டி வீதி அலங்கரித்துக் காத்திருந்தனர் என்று பெரிய புராணம் பலவிடங்களிலும் கூறும்.

தருமபுரத்திலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை அன்பர்கள் அறிவார்கள். பிள்ளையார் பாட்டுக்குப் பெருமை வந்தது பாணர் யாழினால்தான் என்று பாணரின் உறவினர் பேசினர். பாணர் நடுங்கினார், யாழில் அடங்காத பாட்டு ஒன்று அருளுக என்று வேண்டினார். பிள்ளையார் அவ்வாறே பாட, நரம்பிலே அதனை வாசிக்க இயலாமையால் பாணர் யாழையே உடைக்கப் புகுந்தார். பிள்ளையார் அவரைத் தடுத்து, யாழில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு வாசிக்குமாறு பணித்தருளினார். பாட்டின் பெருமை கருவியில் அடங்குவதன்று என்பதற்கு எடுத்துக்காட்டாக இதனைச் சொல்வதுண்டு. எமக்கோ வேறொன்று தோன்றுகிறது. பாட்டைக் காத்து வைப்பதற்கு நாம் எடுக்கும் கருவிகள் யாவும் அந்த யாழைப் போன்றவையே. ஓலையும் சரி, செம்பும் சரி, அச்சும் சரி, அடங்கியவரை காக்கும், எஞ்சியது நழுவும். எதிலிருந்து எது நழுவிற்று என்பதே இனி நாம் சொல்லப்போகும் கதை.

பதிகங்களைக் கோயில்களிலே பாடும் வழக்கம் மிகப் பழையது. நம் நிலையத்தில் வண்டியேறிச் சோலையார்பேட்டை வழியே சென்னைக்குச் செல்வோர், காட்பாடியைக் கடந்ததும் திருவல்லம் என்னும் ஊரைக் காண்பர். அங்குள்ள வில்வநாதேசுவரர் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னனாகிய மூன்றாம் நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. கோயிற் பணியாளருள் திருப்பதியம் பாடுவாரும் அதிற் குறிக்கப் பெறுகின்றனர். அதன்பின், தஞ்சைப் பெருவுடையார் கோயிலிலே முதலாம் இராசராசன் செய்த ஏற்பாடு அனைவரும் அறிந்தது: திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யும் பிடாரர் நாற்பத்தெண்மர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர், ஆக ஐம்பதின்மர். ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு நெல் முக்குறுணி. இதனை மன்னன் கல்லிலே வெட்டுவித்தான். பாடுவோர்க்கு எவ்வளவு நெல் என்பதைக் கல்லில் எழுதியவர்கள், அவர்கள் பாடிய பாட்டைக் கல்லில் எழுதவில்லை! நாள்தோறும் நாற்பத்தெட்டு வாய்கள் பாடிய பாட்டு மறைந்துபோம் என்று யார்தாம் எண்ணியிருப்பர்?

ஆனால் மறைந்தது. திருமுறைகண்ட வரலாறு அம்மறைவின் வரலாறேயாம். உமாபதி சிவனார் அருளியதாகக் கொள்ளப்பெறும் திருமுறைகண்ட புராணம் கூறுவதைச் சுருங்கச் சொல்வோம். தேவாரத்தின் ஒரு சில பாடல்களைச் செவியுற்ற சோழ வேந்தன் முழுவதையும் கேட்க விரும்பினான். எங்கும் கிடைக்கவில்லை. திருநாரையூர்ப் பொள்ளாப் பிள்ளையாரின் அருள்பெற்ற நம்பியாண்டார் நம்பி, ஏடுகள் தில்லையிலே திருக்காப்பிட்ட அறையில் உள்ளன என்றுணர்த்தினார். பாடிய மூவரும் வந்தாலன்றி அறை திறவாது என்று தில்லைவாழந்தணர் கூற, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அரசன் கதவைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைச் செல்லுப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தபோது, பெரும்பகுதி செல்லரித்துப் போனமை தெரிந்து மன்னன் அழுதான். இக்காலத்துக்கு வேண்டுவன மட்டும் வைத்தோம் என்று ஓர் அசரீரி எழுந்து அவனைத் தேற்றிற்று என்பர். இவ்வேந்தன் முதலாம் இராசராசனே (985–1014) என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து.

சம்பந்தர் பாடியன பதினாறாயிரம் பதிகம் என்றும், அவற்றுள் எஞ்சியவை 384 என்றும் அப்புராணம் கணக்கிடுகிறது. அப்பர் சுந்தரர்க்கும் அதுபோன்றே பேரெண்களும் சிற்றெண்களும் கூறப்படுகின்றன. பதினாறாயிரம் என்பதை எவ்வாறு கொள்வது என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. 384 என்பதோ எண்ணிப் பார்த்தற்குரிய எண். அதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எஞ்சிய பாடல்களுக்குப் பண் தெரியவில்லை. பாட்டிருந்தும் இசை போயிற்று. எனவே மன்னனும் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூர் சென்று, யாழ்ப்பாணர் மரபிலே வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவரைக் கொண்டு பண்ணடைவு வகுப்பித்தனர் என்று அப்புராணமே கூறுகிறது. அப்பெண்மணியின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. இன்று ஓதுவார்கள் பாடும் ஒவ்வொரு பண்ணிலும் அவர்க்குப் பங்குண்டு என்பதை எத்தனை பேர் நினைக்கின்றோம்?

நம்பி வகுத்த அடைவின்படி சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்று திருமுறைகளாயின. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுத்துப் படியெடுத்து அவை வந்தன. பனையோலையின் ஆயுள் இருநூறு முந்நூறு ஆண்டு. அதற்குள் யாராவது ஒருவர் மீண்டும் எழுத வேண்டும். எழுதாது விட்டால் அவ்வளவுதான். மடங்களும் ஓதுவார் குடும்பங்களும் இத்தொண்டைச் செய்தமையால் நாம் பிழைத்தோம். காஞ்சிபுரம் சபாபதி முதலியார் 1864-ஆம் ஆண்டு முதலாகத் தேவாரத்தை அச்சேற்றினார். யாழ்ப்பாணத்துச் சுவாமிநாத பண்டிதர் 1911-இல் தலமுறையாகப் பகுத்து வெளியிட்டார். முதல் திருமுறையிலே 136 பதிகம், இரண்டாவதிலே 122, மூன்றாவதிலே 125. கூட்டினால் 383 வரும். புராணம் கூறியதற்கு ஒன்று குறைவு.

அந்த ஒன்று எங்கே என்று பெரும்பாலோர் தேடவில்லை. தேடினும் கிடைத்திராது. ஏனெனில் அது ஏட்டிலேயே இல்லை. திருவாரூரை அடுத்த கொரடாச்சேரிக்கு அணித்தான திருவிடைவாய் என்னும் சிற்றூரின் கோயிற்சுவரிலே இருந்தது. இவ்வூரை இக்காலத்தார் திருவிடைவாசல் என வழங்குவர். இறைவர் புண்ணியகோடியப்பர். ஆரூரும் நள்ளாறும் வலிவலமும் பேரொளி வீசும் அந்நாட்டிலே, பதிகம் இல்லாத கோயில் என்று எண்ணப்பட்டதால் இதனை யாத்திரிகர் நாடிச் சென்றிலர். ஊரார் நாள்தோறும் அச்சுவரை வலம் வந்தனர். சுவரிலுள்ள பழைய எழுத்தோ யாரும் படிக்காத எழுத்தாய் நின்றது.

சென்னைக் கல்வெட்டுத் துறையார் ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று கோயிற்சுவர்களிலுள்ள எழுத்துகளைப் படியெடுத்து வந்த காலம் அது. படியெடுக்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டும். கல்லை நீர் விட்டுத் தூரிகையால் நன்கு தேய்த்துப் பாசியும் சுண்ணமும் போக்குவர். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டிக் கட்டைத் தூரிகையால் தட்டுவர். தாள் எழுத்தின் பள்ளங்களிலே அமிழும். சற்றே உலர்ந்தபின் மையொற்றினால் கல்லின் மேற்பரப்பு கறுத்து, எழுத்து வெண்மையாய்த் தோன்றும். 1917-இல் திருவிடைவாயில் இவ்வாறு எடுத்த படியிலே, நிலக்கொடையும் நெற்கணக்கும் விளக்கெண்ணெய்க் கணக்கும் பார்த்துப் பழகிய அறிஞர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். கல்லில் இருந்தது செய்யுள். அதுவும் பதினொரு பாடல் கொண்ட முழுப் பதிகம். 1918-ஆம் ஆண்டின் கல்வெட்டறிக்கை வாயிலாக அச்செய்தி வெளிவந்தது.

அது சம்பந்தர் வாக்கே என்று எவ்வாறு தெளிந்தனர்? பிள்ளையார் பதிகங்களைப் பயின்றவர்க்கு இது கடினமன்று. அவர் பதிகங்களிலே பெரும்பாலனவற்றுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. எட்டாம் பாட்டிலே இராவணன் மலையெடுத்து அடர்ப்புண்ட செய்தி. ஒன்பதாம் பாட்டிலே மாலும் அயனும் தேடிக் காணாமை. பத்தாவதிலே சமணரும் சாக்கியரும். இறுதியிலே தம் ஊரும் பேரும் சொல்லிப் பதிகப் பயன் கூறும் திருக்கடைக்காப்பு. திருவிடைவாய்க் கல்லிலும் இவ்வொழுங்கு அப்படியே அமைந்திருந்தது. கடைக்காப்பிலே பிள்ளையார் திருப்பெயரும் இருந்தது. கையெழுத்திட்ட திருமுகம் போல என்று சொல்லலாம்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். இக்கட்டுக்கோப்பை அறிந்த பிற்காலப் புலவர் ஒருவர், தம் ஊர்க்குப் பெருமை தேட வேண்டித் தாமே ஒரு பதிகம் பாடி, சம்பந்தர் பெயரிட்டுக் கல்லில் வெட்டுவித்திருத்தல் கூடாதோ? கூடாது என்று முழக்கமிட்டுச் சொல்வது எளிது. ஆயினும் பக்தி உடையோர் வினாவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. புராணம் கூறும் 384-க்கு ஒன்று குறைந்திருந்ததும், கிடைத்தது ஒன்றாயிருந்ததும் பொருந்தி வருகின்றன. இதனைத் தற்செயல் என்று தள்ள எம் உள்ளம் ஒருப்படவில்லை. எனினும் எண்ணிக்கை ஒன்றையே தூணாக நட்டுக் கூரை வேய்தலும் தகாது. பின்னர்க் கிளியன்னவூர்ப் பதிகமும் வெளிப்பட்டுத் திருமுறையிலே சேர்ந்தது. அதனையும் கூட்டினால் எண் மிகும். ஏடுதோறும் பதிகங்களைப் பகுத்தெண்ணும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஆகவே எண்ணைக் காட்டிலும் நாம் நம்புவது வாக்கைத்தான். சொல்லின் மிடுக்கும், சந்தத்தின் ஓட்டமும், இயற்கையைக் கண்ட கண்ணின் குளிர்ச்சியும் பிள்ளையார்க்கே உரியனவாய் இருக்கின்றன. சைவ உலகமும் அவ்வாறே கொண்டது. பாடல்பெற்ற தலங்கள் 274 என்று எண்ணி வந்தோர் 275 என்று எண்ணினர். கிளியன்னவூர் சேர்ந்தபின் 276 என்கின்றனர். யாரும் நாடாதிருந்த திருவிடைவாய்க்கு இன்று தல யாத்திரை செய்வோர் செல்கின்றனர்.

நம்பியின் தொகுப்பிலே இப்பதிகம் இடம்பெறாமல் போனது எதனால்? தில்லை அறையிலே செல்லரித்த ஓலைகளுள் அதுவும் ஒன்றாய் இருக்கலாம். அல்லது தொகுப்பில் இருந்து, பின்னர் ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒருவர் கைதவறவிட, அக்கிளையே எங்கும் பரவியிருக்கலாம். புராணம் 384 என்பதால் இரண்டாவதே பொருந்தும் போலத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், தில்லை மறந்ததை ஊர் மறக்கவில்லை. தம் ஊர்ப் பாட்டை அவ்வூரார் வாய்வழியே காத்திருத்தல் வேண்டும். ஏடு அழிவதைக் கண்ணாரக் கண்ட ஒருவர், இனிக் கல்லே கதி என்று துணிந்து தச்சனை அழைத்திருத்தல் வேண்டும். பதிகத்தைக் கல்லிலே வெட்டும் வழக்கம் தமிழகத்தில் அருகியே காணப்படுவது. அவ்வரிய காரியத்தைச் செய்தவர் யாவராயினும் அவர் திருவடிக்கு நம் வணக்கம் உரியது.

கல் எழுத்தைத்தான் காக்கும், இசையைக் காக்காது. திருவிடைவாய்ப் பாட்டை எந்தப் பண்ணிலே பாடுவது என்பதை, யாப்பின் கட்டளை ஒத்த பிற பதிகங்களைக் கொண்டே உய்த்துணர வேண்டும். பண்தோறும் இத்தனை கட்டளை என்று முன்னோர் வகுத்து வைத்தமையால் அதற்கு வழியுண்டு. மீண்டும் எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியின் கொடைதான் துணை நிற்கிறது.

கல்லையன்றிச் செம்பிலும் தேவாரத்தை எழுதியதுண்டு. முதற்குலோத்துங்கன் காலத்துப் படைத்தலைவனும், தில்லைக்குப் பெருந்திருப்பணிகள் புரிந்தவனுமாகிய மணவில் கூத்தன் காலிங்கராயன், மூவர் பாடல்களையும் செப்பேட்டில் எழுதுவித்தான் என்று தில்லைக் கோயிலிலுள்ள கல்வெட்டுச் செய்யுள் கூறும். அவ்வேடுகள் நமக்குக் கிடைத்தில. கவிக்கூற்று மிகையோ என்று ஐயுற்றவரும் இருக்கலாம். ஆனால் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளையார் அவதரித்த சீகாழியிலே, சட்டைநாதர் கோயிற் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்க மண் தோண்டினர். மண்ணுக்குள்ளே இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், அவற்றோடு தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூற்றுக்கு மேலும் வெளிப்பட்டன. அவ்வாண்டு மே 24-ஆம் நாள் குடமுழுக்கு நிறைவேறிற்று. என்றோ ஒரு காலத்திலே, ஏதோ ஓர் இடருக்கு அஞ்சி, திருமேனிகளோடு திருமுறையையும் திருமேனியாகவே மதித்து மண்ணிலே வைத்துச் சென்றிருக்கின்றனர் நம் முன்னோர். யாகசாலைக்கு மண்ணெடுக்கப் போய்த் தேவாரத்தை எடுத்தோம் என்றால், அது குடமுழுக்குகளின் வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி அன்றோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களிலே தேவாரப் பதிகம் பெற்ற தலம் எதுவும் இல்லை. கொங்குநாட்டுத் தலங்கள் ஏழும் அவினாசி, திருமுருகன்பூண்டி, திருநணா, திருச்செங்கோடு என அப்பாலே நின்றுவிட்டன. பிள்ளையாரின் சிவிகை இப்பக்கம் வந்ததாகத் திருமுறையிற் சான்றில்லை. ஆனால் அருணகிரிநாதர் வந்தார். நமக்கு அணித்தான தீர்த்தமலைக்கு அவர் அருளிய திருப்புகழ் உண்டு. அத்திருப்புகழும் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? 1871-ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்பார், தில்லை தீட்சிதர்கள் வழக்கொன்றில் தம் பெருமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றை எடுத்துக் காட்டியதைக் கண்டார். அப்பாட்டின் சுவையிலே மயங்கியவர், எஞ்சிய பாடல்களைத் தேடிப் புறப்பட்டார். ஊர் ஊராய் அலைந்து ஏடு தொகுத்து, 1894-இல் முதற் பகுதியையும் 1901-இல் இரண்டாம் பகுதியையும் வெளியிட்டார். அவர் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை அத்தொண்டைத் தொடர்ந்து உரையும் கண்டார். நீதிமன்றக் கட்டுக்குள்ளிருந்து பாட்டு பிறந்து வந்தது என்றால் நம்புதற்கு அரிதாகத்தான் இருக்கிறது.

எல்லையைத் தாண்டிக் கன்னட நாட்டையும் சிறிது நோக்குதல் தகும். நம் ஊர்களிலே கன்னடமும் தெலுங்கும் பேசும் அடியார் பலர் உளர் அன்றோ? நம் அறுபத்துமூவரை அவர்கள் புராதனர் எனப் போற்றுவர். அரிகரர் என்னும் கவிஞர் அவர்கள் வரலாற்றைக் கன்னடத்திலே இரகளைகளாகப் பாடினார். நஞ்சனகூடு கோயிலிலே அறுபத்துமூவர் திருவுருவங்களை இன்றும் காணலாம். அந்நாட்டுச் சிவனடியார் வசனங்களும் நம் தேவாரம் போலவே ஏடுகளிலே மடங்கிக் கிடந்தன. விசயபுரத்திலே வழக்கறிஞராயிருந்த ஹளகட்டி என்னும் பெரியார் தம் பொருளையும் வாழ்நாளையும் செலவிட்டு அவற்றைத் திரட்டி, 1923 முதலாக அச்சிட்டார். பாட்டைத் தேடி அலைந்த நெஞ்சம் இருபுறத்தும் ஒன்றே.

கல் பேசும் என்பது நம் பக்கத்தார்க்குப் புதிய செய்தியன்று. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் பட்ட வீரர்க்கு நட்ட நடுகற்கள், இந்நாட்டிலே வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் வேடியப்பன் கோயில்களிலும் நிற்கின்றன. எழுத்துடைய கற்கள் அவற்றுட் பல. காவேரிப்பட்டினத்தை அடுத்துத் தென்பெண்ணைக் கரையிலுள்ள பெண்ணேசுவர மடத்துச் சிவன் கோயிலிலே சோழர் எழுத்தும் போசளர் எழுத்தும் அடுத்தடுத்துக் காணலாம். ஆண்டவர் மாறினும் சுவர் ஒன்றே. அனைவரும் அதிலேயே எழுதினர்.

இதனையெல்லாம் சொல்வதற்குக் காரணத்தைத் தொடக்கத்திலேயே குறித்தோம். திருப்பணி என்ற நல்ல பெயராலேயே எத்தனை கல்வெட்டுகள் அழிந்தன என்பதைக் கல்வெட்டுத் துறையார் தம் அறிக்கைகளிலே பலமுறை வருந்தி எழுதியுள்ளனர். பழைய கற்றளியைப் பிரித்துப் புதுக்கல் வைத்துக் கட்டுவார்கள். பிரித்த கல் படிக்கட்டாகும், கால்வாய்ப் பாலமாகும். சுவருக்கு ஆண்டுதோறும் சுண்ணம் அடித்து அடித்து எழுத்தின் பள்ளம் தூர்ந்துவிடும். அண்மைக் காலத்திலே மணலை விசையோடு பீச்சிக் கல்லைத் துலக்கும் முறையொன்று வந்து, பல கோயில்களில் கல்லின் தோலையே உரித்தது. பார்வைக்குக் கல் புதிதாய் மின்னும். எழுத்தோ மழுங்கிப் போம். இவற்றைச் செய்தவர் எவரும் பகையுணர்வால் செய்தவரல்லர். இறைவன் இல்லம் அழகாயிருக்க வேண்டும் என்று கைப்பொருள் கொடுத்தவர்களே. திருவிடைவாய்க் கோயிலுக்கு 1916-இல் அத்தகைய அன்பர் ஒருவர் பொருள் கொடுத்து அச்சுவரைப் பிரித்திருப்பின், ஞானசம்பந்தர் பதிகம் ஒன்று எவர்க்கும் தெரியாமலே முடிந்திருக்கும். இழந்தோம் என்பதும் நமக்குத் தெரிந்திராது.

ஆதலின் திருப்பணிக் குழுவினர்க்கும் உபயகாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழங்கோயில் எதற்கேனும் பொருளுதவ நேரின், பணி தொடங்குமுன் சுவர்களையும் தூண்களையும் அடித்தளக் கற்களையும் நிழற்படம் எடுக்கச் செய்யுங்கள். எழுத்து உள்ள கல்லைக் கண்டால் கல்வெட்டுத் துறையார்க்கோ தொல்லியல் துறையார்க்கோ தெரிவியுங்கள். கல்லைக் கழற்றியே ஆகவேண்டுமானால் எண்ணிட்டுக் கழற்றி, முன்னிருந்த ஒழுங்கிலேயே மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். இதற்காகும் செலவு ஒரு நாள் அன்னதானச் செலவுக்கும் குறைவு. வீடுகளிலே பழைய ஓலைக்கட்டு வைத்திருப்போர், ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவதே முறை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அவ்வாறு தமிழ் நூல்கள் எத்தனை நீரிற் போயின என்பதை உ. வே. சாமிநாதையர் வாழ்க்கையைப் படித்தோர் அறிவர்.

திருவிடைவாய்ப் பதிகத்தை ஓத விரும்பும் அன்பர்கள், இக்காலத்துப் பதிப்புகளிலே மூன்றாம் திருமுறையின் இறுதியிலே, 125 பதிகங்களும் முடிந்தபின் அது சேர்க்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதற்கு முற்பட்ட பழைய பதிப்பு உங்கள் வீட்டில் இருந்தால் அதில் இது இராது; தனித்தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பதினொரு பாடல்களையும் நிறுத்தி ஓதினாலும் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குடமுழுக்கையொட்டி மண்டலாபிடேகம் நடைபெறும் நாட்களில் மாலைதோறும் திருமுறை ஓதும் அன்பர்கள் ஒரு நாளை இப்பதிகத்துக்கு ஒதுக்கலாம்.